வேற்றுக்கிரகவாசியின் தன்மைப் பன்மை

தமிழில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள் உண்டு என்பதைப் பொருட்படுத்தாத ஒருவர், சென்னையில் ஏதோ ஒரு குளிரூட்டிய அறையில் அமர்ந்து எழுதிய ஒரே ஒரு வாக்கியத்தின் காரணமாக, ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் பகல் காட்சியில், கொண்டலேரி பாலாம்பிகை டாக்கீஸின் வெண்திரையிலிருந்து ஒரு வேற்றுக்கிரகவாசி இறங்கி வந்து, பெஞ்சு வகுப்பில், மின்விசிறிக்கு நேர் கீழே காலியாக இருந்த இடத்தில் அமர்ந்தது.

படத்தின் பெயர் ‘அண்டம் கடந்த அரக்கர்கள்’. வீட்டுக்கு முன்னால் புல்வெளியும் வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளமும் வைத்து வாழும் ஒரு நாட்டினர், வானத்திலிருந்து எவரோ வந்து அவற்றையெல்லாம் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அஞ்சி, அந்த அச்சத்துக்கு மூன்று கண்களும் ஈரத்தோலும் கொடுத்து எடுத்த படம் அது. அரக்கர் தலைவன் தன் விண்கலத்தின் படிக்கட்டில் நின்று, கீழே நடுங்கும் மனிதர்களை நோக்கி, “நாங்கள் இந்த நீரைக் குடித்துத் தீர்க்க வந்திருக்கிறோம்” என்று சொல்லியிருக்க வேண்டும். மொழிமாற்றியவரோ, “நாம் இந்த நீரைக் குடித்துத் தீர்க்க வந்திருக்கிறோம்” என்று எழுதிவிட்டார். ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளே வந்துவிடுகிறார். இலக்கணத்தார் அதனை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பர். மற்ற ஊர்களில் இந்தப் பிழை காதில் விழுந்து காற்றோடு போயிற்று. கொண்டலேரியில் மட்டும் அந்த வேற்றுக்கிரகவாசி தான் சொன்ன சொல்லைத் தானே கேட்டது. கேட்டு, ஒருகணம் தயங்கி, தன்னோடு சேர்த்து எண்ணிவிட்டவர்களுக்கு எதிரே நிற்பது முறையன்று என்று கருதியதுபோல், படிக்கட்டின் மீதிப் படிகளில் இறங்கி, திரையின் அடிவிளிம்பைத் தாண்டி, எங்களிடம் வந்துவிட்டது.

“கொஞ்சம் குனிஞ்சி உக்காருப்பா, தெரியல,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அது குனிந்து உட்கார்ந்தது.

இடைவேளையில் தியேட்டர் முதலாளி எத்திராஜுலு, வழுக்கையை மறைக்கக் காதோரத்திலிருந்து வாரி ஏற்றிய முடி கலைந்து தொங்க, நுழைவுச்சீட்டுக் கொடுக்கும் பொற்கொடியிடம் விரைந்து வந்தார்.

“இன்னாம்மா, டிக்கெட் இல்லாத ஒரு ஆளு உள்ள உக்காந்துகினு இருக்கான்?”

“கேட்டு வழியா வந்தாத்தான முதலாளி நான் டிக்கெட் கிழிக்க முடியும்? உள்ளயிருந்து வெளிய வந்தவருக்கு என்னா கிழிக்கறது?”

எத்திராஜுலு தொங்கிய முடியை மறுபடியும் வாரி ஏற்றினார். “அப்ப படம் முடிஞ்சா திரும்பிப் போயிடுவான் இல்ல?”

“அதை அவரத்தான் கேக்கணும்.”

அது திரும்பிப் போகவில்லை. அது இல்லாமலே அந்தப் படம் வாரக்கணக்கில் ஓடியது. விண்கலத்தின் படிக்கட்டு வெறுமையாக நிற்க, புல்வெளி நாட்டினர் அந்த வெறுமையைப் பார்த்து ஓடினார்கள். எங்கள் ஊரார் அதிலும் குறை காணவில்லை.

கொண்டலேரியில் நாங்கள் எதற்கும் எளிதில் வியப்பதில்லை என்பதற்குக் காரணம் உண்டு. ஊருக்கு வடக்கே சாயப்பொடி ஆலை இருக்கிறது. அது வந்த நாள்முதல் எங்கள் ஏரி, ஆலையில் அன்றைக்கு எந்தச் சாயம் காய்ச்சினார்களோ அந்த நிறத்தில் விடிந்து வந்தது. ஊதா விடிந்தால் துணி துவைக்கலாம், மஞ்சள் விடிந்தால் ஆடுகளை ஓட்டக்கூடாது, சிவப்பு விடிந்தால் கிணற்றுக்கும் மூடி போட வேண்டும் என்று பெண்கள் தமக்குள் ஒரு பஞ்சாங்கம் வகுத்துக்கொண்டார்கள். வேலை மாறும் நேரங்களில் ஆலைச் சங்கு சுருக்கமாக ஊதும். எப்போதாவது, நேரம் தவறி, நீளமாக ஊதும். அப்படி ஊதினால் ஏதோ கசிந்திருக்கிறது என்று பொருள். அப்போது நாங்கள் சன்னலைச் சாத்தி, ஈரத்துணியால் மூக்கைப் பொத்தி, பேசிக்கொண்டிருந்த பேச்சை எந்தச் சொல்லில் இருந்தோமோ அந்தச் சொல்லிலேயே நிறுத்திவிடுவோம். சங்கு ஓய்ந்த பிறகும் அந்தப் பேச்சை எடுக்கமாட்டோம். இப்படிப் பாதியில் அறுந்த வாக்கியங்கள் ஊரெங்கும், பயனிலை இல்லாமல், எழுவாயோடு மட்டும் கிடந்தன.

ஆலையின் மதிற்சுவரில் ஆளுயர எழுத்துகளில் ‘நம் ஆலை, நம் வாழ்வு’ என்று எழுதியிருந்தது. ‘நம்’ என்ற சொல்லில் நாங்கள் அடக்கம் என்பது உண்மைதான். வீட்டுக்கு ஒருவராவது அங்கே வேலை செய்தோம். அதனால்தான், சில ஆண்டுகளுக்கு முன் ஆலையை விரிவாக்குவதற்காக நடந்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. “பொதுமக்கள் தரப்பில் எதிர்ப்பு எதுவும் தெரிவிக்கப்படவில்லை” என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். செயப்பாட்டு வினையில் சொல்லும்போது எந்தக் குற்றமும் யாருடையதாகவும் இருப்பதில்லை. இப்போது ஏரியின் மேலைக்கரையையும் எடுத்துக்கொண்டு இரண்டாம் பிரிவு கட்டப் போகிறார்கள் என்றும், ஆவணியில் மறுபடியும் கருத்துக் கேட்பார்கள் என்றும் தண்டோரா போட்டிருந்தார்கள்.

பொற்கொடி மூன்றாவது முறையாகச் சூல் கொண்டிருந்தாள். முன்பு பிறந்த இரண்டும் அழாமலே போய்விட்டன. வேறூர் மருத்துவர் ஒருவர் அவள் குடிக்கும் தண்ணீரைப் பற்றிக் கேட்டு, அவள் சொன்னதைக் கேட்டபின், வேறெதுவும் கேட்கவில்லை. ஏரியிலிருந்துதான் ஊர்க்குழாய்க்குத் தண்ணீர் வந்தது. ஒரு பிரிவின் சாயத்துக்கே இரண்டு பிள்ளைகள் என்றால், இரண்டாம் பிரிவும் வந்துவிட்டால் இந்த மூன்றாவது என்னவாகும் என்பதுதான் அவளுடைய ஒரே கணக்கு. அவள் கணவன் இருசப்பன் ஆலையின் கழிவுத்தொட்டியில் வேலை செய்தான். அவனுடைய உள்ளங்கைத் தோல் வெங்காயச் சருகுபோல் உரிந்துகொண்டிருந்தது. அவள் கூட்டத்தில் பேசினால் அவனுக்கு வேலை போகும். அவள் பேசாவிட்டால் என்ன போகும் என்பதை இருவரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

இத்தகைய ஊரில் வந்து இறங்கிய வேற்றுக்கிரகவாசி, தன் தொழிலைச் செய்ய முயன்றது. மறுநாள் காலையில் கடைத்தெருவின் நடுவில் நின்று, மூன்று கண்களையும் விரித்து, கைகளை உயர்த்தி, “மானிடர்களே, உங்கள் உலகின் இறுதி நாள் நெருங்கிவிட்டது” என்று முழங்கியது. அதன் உதடுகள் ஆங்கிலத்தில் அசைந்து முடித்த பிறகே தமிழ் வந்து சேர்ந்தது. ஆகவே அது வாயை மூடிய பின்னும் பேசிக்கொண்டிருந்தது.

“எங்களுக்குத் தகவல் முன்னாடியே வந்துடிச்சி,” என்றார் டீக்கடை சபியா பீவி. “நிக்காத, வண்டி வர்ற வழி. உள்ள வந்து உக்காரு.”

“என் மூன்றாவது கண்ணைப் பார். அது உன் எண்ணங்களைப் படிக்கும்.”

“எங்க மாமியாருக்கு அந்தக் கண்ணு முதுகுல இருந்திச்சி. சக்கரை தூக்கலா போடவா?”

அது உட்கார்ந்தது. தேநீரைக் கையில் வைத்திருந்தது, குடிக்கவில்லை. அதனை ‘அது’ என்பதா ‘அவர்’ என்பதா என்று அன்று கடையில் பெரிய விவாதம் நடந்தது. ஆறறிவு உள்ளவரையே உயர்திணையில் சேர்க்கலாம் என்றார் ஒருவர். அப்படிப் பார்த்தால் இந்தக் கடையில் பாதிப் பேரை எழுப்பி அனுப்ப வேண்டும் என்றார் இன்னொருவர். வந்தவர் விருந்தாளி, விருந்தாளியை ‘அது’ என்பது நாகரிகமன்று என்று சபியா பீவி தீர்ப்புச் சொன்னதால், சில நாள்கள் ஊரார் அதனை ‘அவர்’ என்றே வழங்கினர்.

ஆனால் அவர் மெலிந்தார். திரைக்குப் பின்னால், பழைய சுவரொட்டிகளும் உடைந்த நாற்காலிகளும் கிடந்த அறையில் அவருக்கு இடம் கொடுத்திருந்தார்கள். பகல் காட்சிக்கும் மாலைக் காட்சிக்கும் இடைப்பட்ட நேரத்தில் பொற்கொடி ஒரு தட்டில் சோறு கொண்டுபோய் வைப்பாள். தட்டு வைத்த இடத்திலேயே இருக்கும்.

“இதெல்லாம் உனக்கு ஒத்துக்கலியா?”

“மானிடப் பெண்ணே, நான் உண்பது இதனை அன்று. என்னைக் கண்டு ஒருவர் அஞ்சினால் எனக்குப் பசி தீரும். நீ ஏன் என்னைக் கண்டு ஓடவில்லை?”

“ஏழாம் மாசம். ஓட முடியல.”

“எங்கள் படத்தில் கருவுற்ற பெண்களும் ஓடுவார்கள். ஓடும்போது ஒரு செருப்பு கழன்று விழும். அதனைக் கிட்டத்தில் காட்டுவார்கள்.”

பொற்கொடி தட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். “அவங்களுக்கு ஓடறதுக்கு ஒரு எடம் இருந்திருக்கும்,” என்றாள்.

வந்தவருடையது வேறொரு நாட்டின் அச்சத்தால் செய்யப்பட்ட உடம்பு. இங்கே அதற்குத் தீனி கிடைக்கவில்லை. மேலிருந்து வருபவர்கள் நம்மிடம் உள்ளதை எடுத்துக்கொண்டு போவார்கள் என்பது புல்வெளி நாட்டுக்குப் படக்கதை. எங்களுக்கு அஃது அன்றாடம். விண்கலத்தில் வந்தால் என்ன, சீருந்தில் வந்தால் என்ன?

பிறகு ஒரு நாள் முற்பகலில், டீக்கடையில் அது எலும்பும் தோலுமாக அமர்ந்திருக்க, சபியா பீவி பொற்கொடியிடம், “கண்ணு, நான் ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சிக்கோ, அந்த ரெண்டு கொயந்தைங்களும் போனதுக்கு” என்று ஆரம்பித்த வேளையில், நேரம் தவறிச் சங்கு ஊதியது. நீளமாக ஊதியது. சபியா பீவி அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டார். பாலாடை படிந்தது. அனைவரும் ஈரத்துணிக்குள் மூச்சுவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தோம். அப்போதுதான் பெஞ்சு முனகும் ஓசை கேட்டது. நிமிர்ந்து பார்த்தால், அது பருத்துக்கொண்டிருந்தது. கன்னம் உப்பியது, தோள் அகன்றது, ஈரத்தோலின் பச்சை மாறி, அன்று ஏரி எந்தச் சிவப்பில் விடிந்திருந்ததோ அந்தச் சிவப்பு அதன் கழுத்திலிருந்து கீழே இறங்கியது. மூச்சில் சாயத்தொட்டியின் புளித்த வாடை வந்தது. கையில் இருந்த தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டது.

அதன் உணவு அகப்பட்டுவிட்டது.

அன்று முதல், பார்ப்பவர் எதற்கு அஞ்சினாரோ அதுவாக அது தோன்றியது. இருசப்பனுக்கு முன்னால் அது ஆலை வாயிற்காவலரின் சீருடை அணிந்து, அவனுடைய அடையாள அட்டையை இரண்டாகக் கிழித்தது. சபியா பீவிக்கு முன்னால் அது, இழுக்க இழுக்க உள்ளே போகாத மூச்சாக, ஆலை வேலையில் மூச்சுநோய் கண்ட அவருடைய தம்பியின் நெஞ்சைப் போல் ஏறி இறங்கியது. எத்திராஜுலுவுக்கு முன்னால் அது பூட்டிய தியேட்டராக நின்றது. பொற்கொடிக்கு முன்னால் அது தன் உருவத்திலேயேதான் நின்றது; வயிறு மட்டும் அவள் வயிற்றைப் போலவே பெருத்திருந்தது. அவள் கைவைத்துப் பார்த்தாள். உள்ளே எதுவும் அசையவில்லை.

அவள் கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, நுழைவுச்சீட்டுப் பலகைக்குப் பின்னால் அமர்ந்து, காட்சிக்கு வந்தவர்களுக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தாள். மாலைக் காட்சி தொடங்கியபின் மறுபடியும் உள்ளே சென்று, மறுபடியும் அந்த வயிற்றைப் பார்த்தாள். இம்முறை கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

ஊர் முதலில் சினந்தது. வந்த இடத்தில் சோறு போட்டவர்களையே மிரட்டுகிறதா என்று கேட்டுச் சிலர் கட்டையோடு வந்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் வேறு வேறு எதிரியைக் கண்டு கட்டையை ஓங்கியதால், எங்கே அடிப்பது என்பதில் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. பிறகு, வழக்கம்போல், பழகிக்கொண்டோம். பழகியபின் ஓர் உண்மையைக் கண்டோம். நெஞ்சுக்குள் இருந்தவரை கரை காணாததாக இருந்த அச்சம், பெஞ்சில் வந்து அமர்ந்தபின், ஆறரை அடியைத் தாண்டவில்லை. அதற்கு முதுகு இருந்தது. முதுகில் அரிப்பு இருந்தது. மழை வந்தால் அதுவும் ஓரமாக ஒதுங்கியது. ஆகவே மக்கள் அதனைப் பார்க்க வரிசையில் வந்தார்கள். பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நெஞ்சு லேசாகித் திரும்பிப் போனார்கள். அண்டை ஊர்களிலிருந்தும் பேருந்து ஏறி வந்தார்கள். திரும்பும் வழியில், ஆண்டுக்கணக்காகப் பாதியில் கிடந்த வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்து, தூசு தட்டி, பயனிலை சேர்த்து முடித்தார்கள். சபியா பீவியும் ஒரு நாள் பொற்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டு, “இந்தத் தண்ணிதான் காரணம்” என்று முடித்தார். பொற்கொடி, “தெரியும்க்கா” என்றாள். அந்த நாள்களில் ஊரார் ‘அவர்’ என்பதை விட்டு மறுபடியும் ‘அது’ என்றே சொன்னார்கள். அதுவே சரி. அச்சம் அஃறிணை, அதற்கு மரியாதைப் பன்மை தேவையில்லை.

இந்தச் செய்தி ஆலைக்கும் போயிற்று. காவல் ஆய்வாளர் ஒருவர் வந்து, அதனைச் சுற்றி நடந்து பார்த்து, அது தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படத்தின் ஒரு பகுதி என்பதால் படம் ஓடும்வரை தாம் கைவைக்க இயலாது என்று சொல்லி, அரைவாசிப் படத்தையும் பார்த்துவிட்டுப் போனார். அதன்பின் ஆலையின் மக்கள் தொடர்பு அதிகாரி ஹரிகேசவன் தாமே வந்தார். எப்போதும் சிரித்த முகம். எல்லோரையும் அணைத்துக்கொள்ளும் பேச்சு. ‘நம்ம ஊர்’, ‘நம்ம ஏரி’, ‘நம்ம ஜனங்க’ என்ற சொற்களை மிட்டாய்போல் கொடுப்பவர். பகல் காட்சிக்குப் பால்கனியில் அமர்ந்தார். வந்திருப்பவர் அவர் என்று தெரிந்து, கீழே இருந்தவர்கள் எல்லோரும் திரையை விட்டுவிட்டுத் திரும்பி அமர்ந்தோம்.

அது பெஞ்சிலிருந்து எழுந்தது. மாடிப்படி ஏறி, பால்கனிக் கதவைத் திறந்து, அவர் எதிரில் நின்றது. அவர் எதற்கு அஞ்சுவார் என்று எங்களுக்குத் தெரியாது. அவருடைய மேலதிகாரியாக மாறும் என்றான் இருசப்பன். வருமான வரித்துறையாக மாறும் என்றார் எத்திராஜுலு. அது மாறத் தொடங்கியது. முதலில் அதன் கைகள் மாறின. உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. பிறகு இடுப்பில் டீக்கடைக் கரி படிந்த ஒரு புடவைத் தலைப்பு வந்தது. காதோரத்திலிருந்து வாரி ஏற்றிய முடி வந்தது. அதன் தோளுக்குப் பின்னால் இன்னொரு தோளும், அதற்குப் பின்னால் இன்னொன்றும் முளைத்து, பால்கனியை நிறைத்து, படியில் வழிந்து, கொண்டலேரி முழுவதும் அங்கே நின்றது. எல்லோருக்கும் முன்னால், வயிற்றைத் தாங்கிய கையோடு, பொற்கொடி நின்றாள். வந்த நாள்முதல் முன்னும் பின்னுமாகப் போய்க்கொண்டிருந்த அதன் உதடும் குரலும் அப்போது ஒன்றாகச் சேர்ந்தன. அது சொன்னது:

“நாங்கள் வந்திருக்கிறோம்.”

ஹரிகேசவன் ஓடினார். படியில் அவருடைய செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. அது புல்வெளி நாட்டினர் கிட்டத்தில் காட்டும் செருப்பைப் போலவே, ஒருக்களித்து, கடைசிப் படியில் கிடந்தது.

பிறகு சபியா பீவி, “அந்த ஆளு பயப்படறது நம்மளப் பாத்தா?” என்று கேட்டார். அதுவரை அப்படியொரு வாக்கியத்தை எங்கள் ஊரில் எவரும் அமைத்துப் பார்த்ததில்லை. எத்திராஜுலு அந்தச் செருப்பை எடுத்துவந்து, இடைவேளைக் கடையின் கண்ணாடிப் பெட்டியில், சோடாப் புட்டிகளுக்கு நடுவில் வைத்தார்.

ஹரிகேசவன் மறுநாளே இருசப்பனை அழைத்து, புதுச் செருப்போடும் பழைய சிரிப்போடும், உன் சம்சாரத்துக்கு இது கஷ்டமான மாசம், கூட்டத்துக்கெல்லாம் வந்து அலைய வேண்டாம், வந்தாலும் பேச வேண்டாம், பேசினால் நீ மறுநாள் கேட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். இருசப்பன் வீட்டுக்கு வந்து, கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டான்.

“இன்னாமே பண்ணப் போற?” என்றான்.

“தெரியல மாமா.”

“பேசுன்னும் என்னால சொல்ல முடியல. பேசாதன்னும் வாய் வரமாட்டேங்குது.”

“எனக்குப் பயமாத்தான் இருக்குது,” என்றாள் பொற்கொடி. “ஆனா அதான் தியேட்டர்ல உக்காந்திருக்குதே. டெய்லி பாக்கறேன். நம்ம ரெண்டு பேரையும் விட அது ஒண்ணும் பெரிசா இல்ல.”

ஆவணியில் முகூர்த்த நாள்கள் நெருக்கி வந்ததால் திருமண மண்டபம் கிடைக்கவில்லை. அதனால் கருத்துக் கேட்புக் கூட்டம் பாலாம்பிகை டாக்கீஸிலேயே நடந்தது. வெண்திரைக்கு முன்னால் மேடை போட்டு, மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரிகளும் ஹரிகேசவனும் அமர்ந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தண்ணீர்ப் புட்டி இருந்தது. அரங்கு நிறைந்திருந்தது. அது தன் வழக்கமான இடத்தில், மின்விசிறிக்குக் கீழே, ஒரு முழு ஊரின் தீனியைத் தின்று கொழுத்து, இரண்டு ஆள் இடத்தை அடைத்துக்கொண்டு அமர்ந்திருந்தது. மேடையில் இருந்தவர்கள் அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தார்கள்.

ஹரிகேசவன் பேசினார். “நம்ம ஏரிக்கரையில நம்ம ஆலையோட இரண்டாம் பிரிவு வருது. நம்ம பிள்ளைங்களுக்கு வேலை வருது. நாம எல்லாரும் ஒரே குடும்பம். குடும்பத்துக்குள்ள எதிர்ப்பு ஏது?” என்றார். மேடையில் இருந்த ஓர் அதிகாரி, வழக்கப்படி, யாராவது கருத்துச் சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டுவிட்டு, வழக்கப்படி, விடையை எதிர்பாராமல் தாளைத் திருப்பினார்.

பொற்கொடி எழுந்தாள். இருசப்பனின் கை, அவனுக்கே தெரியாமல், அவள் புடவைத் தலைப்பைப் பிடித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் தன் கையைப் பார்த்தான்; உரிந்த தோலில் புடவை நூல் ஒன்று மாட்டியிருந்தது. அதனை எடுத்துவிட்டு, அவனும் எழுந்து அவள் பக்கத்தில் நின்றான்.

“சார், நான் இங்க டிக்கெட் குடுக்கறவ. எனக்கு ரெண்டு கொயந்தை பொறந்து அழாமயே போச்சி. நாங்க குடிக்கறது ஏரித் தண்ணி. ரெண்டாவது ஆலை எங்களுக்கு வேணாம்.”

“உக்காரும்மா,” என்றார் ஹரிகேசவன் கனிவாக. “நாங்க, எங்களுக்குன்னு ஏன் பிரிச்சிப் பேசறே? நாமன்னு சொல்லு. நம்ம ஏரி. நாம எல்லாரும் ஒண்ணு.”

பொற்கொடி அவர் முன்னால் இருந்த புட்டியைப் பார்த்தாள்.

“நாமன்னா, நீங்களும் அந்தத் தண்ணியக் குடிக்கணும் சார். நீங்க குடிக்கறது புட்டித் தண்ணி. உங்க பிள்ளைங்க இருக்கறது வேற ஊரு. அதனால, நாங்க. எங்க ஏரி.”

ஹரிகேசவன் சிரித்தபடியே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் எத்திராஜுலு எழுந்து, “நாங்க” என்றார். சபியா பீவி எழுந்து, “நாங்க” என்றார். பெஞ்சு வகுப்பு எழுந்தது; தரை வகுப்பு எழுந்தது; பால்கனியில் கைப்பிடிக் கம்பி அதிர்ந்தது; அது கூச்சலன்று, வகுப்பில் வருகை சொல்வதுபோல ஒவ்வொருவரும் தத்தம் இடத்தில் நின்று தத்தம் குரலில் அந்த ஒரு சொல்லைச் சொன்னார்கள். பால்கனியில் தாம் கண்டதை மறுபடியும் கண்ட ஹரிகேசவன், இம்முறை அது பெஞ்சில்தான் அமர்ந்திருக்கிறது என்பதையும், நிற்பவர்கள் உண்மையான ஆள்கள் என்பதையும் உணர்ந்து, மேசைக்கு அடியில் தம் செருப்பைக் காலால் தேடினார். கூட்டக் குறிப்பு எழுதுபவர் பேனாவை நிறுத்தி, “ஐயா, ‘நாம் எதிர்க்கிறோம்’ என்று எழுதவா, ‘நாங்கள் எதிர்க்கிறோம்’ என்று எழுதவா?” என்று அதிகாரியைக் கேட்டார். அதிகாரி அரங்கை ஒருமுறை பார்த்துவிட்டு, “அவங்க சொன்னபடியே எழுதுங்க,” என்றார்.

மேடை கலைந்தபின் பார்த்தால், பெஞ்சில் இரண்டு ஆள் இடத்தை அடைத்திருந்த வேற்றுக்கிரகவாசி, சுவரொட்டிபோல் மெலிந்து, பின்னால் இருந்தவர் முகம் அதனூடே தெரியும் அளவுக்கு ஆகியிருந்தது. அது எழுந்து, தள்ளாடி, திரையின் அடிவிளிம்பில் காலை வைத்தது. வைத்தபின் பொற்கொடியைத் திரும்பிப் பார்த்தது.

“மானிடப் பெண்ணே, அடுத்த ஊரில் நான் எந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும்?”

“அந்த ஊர்க்காரங்களயே கேளு,” என்றாள் அவள். “தெரியாதவங்களுக்காக நீயா ஒண்ணு சொல்லாத.”

அது தலையசைத்துவிட்டு, விண்கலத்தின் படிக்கட்டில் ஏறிக்கொண்டது.

இரண்டாம் பிரிவு ஒத்திவைக்கப்பட்டது என்று அறிவித்தார்கள். மறுபடியும் செயப்பாட்டு வினை. நாங்கள் அதனை நம்பி உறங்கிவிடவில்லை. முதற்பிரிவு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஏரி இன்னும் நிறம் மாறித்தான் விடிகிறது. ஆனால் கூட்டத்தில் எழுதியதைக் காட்டி மாவட்ட அலுவலகத்தில் ஊரே சென்று நின்றதால், மலையடிவாரத்துக் கிணற்றிலிருந்து குழாய்க்கு நீர் வரத் தொடங்கியிருக்கிறது. இருசப்பனை ஆலைக் கேட்டுக்கு வர வேண்டாம் என்றார்கள். அவன் வேறொரு கேட்டில் நின்று, மனைவி கொடுத்த சீட்டுகளைப் பாதியாகக் கிழித்துக்கொண்டிருக்கிறான்.

ஐப்பசி மழையில், ஒரு காலை நேரத்தில், பொற்கொடிக்கு வலி கண்டது. அரசு சுகாதார நிலையத்தின் தாழ்வாரத்தில் இருசப்பன் நின்றான். அவனோடு சபியா பீவி நின்றார். எத்திராஜுலு பகல் காட்சியை நிறுத்திவிட்டு வந்து நின்றார். அப்படி ஒவ்வொருவராக வந்து, தாழ்வாரம் போதாமல், குடைகளோடு முற்றத்திலும் நின்றோம். உள்ளே ஓசை அடங்கியது. அந்த அமைதி நீண்டது. அந்த அமைதியை இருசப்பன் முன்பு இருமுறை கேட்டிருக்கிறான். அப்போது பார்த்து, நேரம் தவறி, ஆலைச் சங்கு நீளமாக ஊதத் தொடங்கியது, பழக்கத்தால் எங்கள் கைகள் மூக்கை நோக்கி எழுந்தன, வாய்கள் மூடிக்கொண்டன.

சங்குக்கு நடுவில், சங்கைக் காட்டிலும் உரத்து, ஒரு குழந்தை அழுதது.

கதவு திறந்தது. சங்கு இன்னும் ஊதிக்கொண்டிருந்தது. செவிலி தலையை நீட்டி, அந்த ஓசையைத் தாண்டி, எந்த மருத்துவமனையிலும் எந்தச் செவிலியும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்: “பொற்கொடி கூட யாரு வந்திருக்கீங்க?”

சங்கு ஓயட்டும் என்று எவரும் காத்திருக்கவில்லை. தாழ்வாரமும் முற்றமும் குடைகளும் சேர்ந்து, ஒரே குரலில், இலக்கணம் வழுவாமல் விடை சொன்னோம்:

“நாங்க.”